பாப்பா மல்லாந்துதான் தூங்கினாள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது புனேயில் மழையா என்று கேட்டேன். ஆமாங்கப்பா என்றாய். சாப்பிட்டீங்களா என்று நீ கேட்டாய், ஆச்சு என்றேன். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. உன் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. "சரிங்கப்பா, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டாய். போன வாரமும் இதேதான், அதற்கு முந்தின வாரமும் இதேதான். போனில் என்னால் ஆகாது என்று புரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி ஓய்வு பெற்றவனுக்கு எழுத்தெல்லாம் பழக்கமில்லை. ஆனால் எழுதினால் ஒரு சௌகரியம். நடுவில் நீ "சரிங்கப்பா" சொல்லி வைக்க முடியாது.

உன் அம்மா இறந்தபோது நீ காலேஜில் சேர்ந்த புதிது. அதற்கப்புறம் கோயமுத்தூர் கணபதியிலுள்ள இந்த வீட்டில் நாம் இரண்டு ஆண்கள் எத்தனை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார். எனக்கு அழுகை வந்தால் மாடிக்குப் போய்விடுவேன். உனக்கு வந்தால் நீ வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாய். அதைத்தான் தைரியம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். கோகிலா மருமகளாக வந்த பிறகுதான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சாயந்தரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே "மாமா, இன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுங்களா" என்று ஆரம்பித்துவிடுவாள். நீகூட அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கப் பழகினாய். அப்புறம் நம் பாப்பா யாழினி பிறந்தாள்.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ஏனென்றால் பாப்பாவுக்கு அது நடந்த மத்தியானம் நீ ஆபீசில் இருந்தாய். வீட்டில் இருந்தவன் நான். நான் பார்த்ததை இதுவரை நீ முழுசாகக் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். கிளம்பும்போது ஒரு நர்ஸ் வந்து நம் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள், நினைவிருக்கிறதா? "பாப்பா தூங்கறப்பெல்லாம் மல்லாக்கத்தான் படுக்க வெக்கோணுங்க. பகலானாலும் ராத்திரியானாலும் அப்படித்தான். மெத்தை அமுங்காம கெட்டியா இருக்கோணும். தலகாணி, கனத்த போர்வை, பொம்மை ஒண்ணும் வேண்டாம். உங்க ரூம்லயே, ஆனா தனிக் கட்டில்ல போடுங்க. வேர்க்கற மாதிரி சுத்தி வெக்காதீங்க. ஊட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பீங்களா?" நீயும் கோகிலாவும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அன்றைக்கு விட்டதுதான். இப்போதும் தொடுவதில்லை. இப்போது யாருக்காக விட்டிருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் தொடுவதில்லை.

பாப்பா வந்த கொஞ்ச நாளில் என் அக்கா, உன் அத்தை, போத்தனூரிலிருந்து பார்க்க வந்தாள். கையோடு உள்ளே கடுகு நிரப்பி ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொண்டுவந்தாள். "தல உருண்டையா வரோணும் அம்மணி, இதுல படுக்கப் போடு. கட்டில் எதுக்கு? எம்பட சேலையில தொட்டில் கட்டிக் குடுத்துட்டுப் போறேன், குப்புறப் போட்டா அசையாம தூங்குவா" என்றாள். கோகிலா சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்: "தலகாணி வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க பெரியம்மா. கொஞ்சம் பெருசாகட்டுங்க." அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "உம்பட புருசன நாந்தான் தொட்டில்ல குப்புறப் போட்டு ஆட்டுனேன். அவன் என்ன கெட்டா போயிட்டான்?" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். நீ பிழைத்து வளர்ந்தாய். வேறு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் தூக்கத்திலேயே போயின. மாந்தம் என்றோம், சீர் தட்டியது என்றோம், கண் பட்டது என்றோம். எதனால் என்று ஒருவருக்கும் தெரியாது.

அது நடந்த மத்தியானம் நான் முன் அறையில் இருந்தேன். படுக்கை அறைக் கதவு திறந்திருந்தது. கோகிலா பால் கொடுத்தாள், தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டினாள். பிறகு சின்னக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். உடம்பில் ஒரு மெல்லிசுப் பருத்திச் சட்டை மட்டும்தான். கட்டிலில் வேறொன்றும் இல்லை. பாப்பா கொஞ்ச நேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கினாள். கோகிலா வெளியே வந்து, "தூங்கிட்டா மாமா, நீங்க சாப்புட வாங்க" என்று கூப்பிட்டாள். இருவரும் சாப்பிட்டோம். அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். பாப்பா அப்படியேதான் இருந்தாள், மல்லாந்தபடி, முகத்தின்மேல் ஒன்றும் இல்லாமல். கோகிலா "மாமா" என்று கத்திய சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். அவள் மடியில் பாப்பாவை வைத்து வாயோடு வாய் ஊதிக்கொண்டே வந்தாள். அதற்குமேல் ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியும். அங்கே நீ வந்துவிட்டாய்.

அப்புறம் எதனால் இறந்தாள் என்று பரிசோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து, யார் கடைசியாகப் பார்த்தது, யார் பால் கொடுத்தது என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த ஒவ்வொரு கேள்விக்கும் கோகிலா குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னதைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சனம் கூடியதும் அத்தைதான் முதலில் சொன்னாள்: "மல்லாக்கப் போட்டு மல்லாக்கப் போட்டுப் பால் பொரையேறிப் போச்சு. வாயோரத்துல பால் இருந்துச்சாம். நாஞ்சொன்னத ஆரு கேட்டா?" நான் சத்தம் போட்டேன். "நான் ஊட்லதான் இருந்தேன் அக்கா, ஒரு இருமல்கூடக் கேக்கல" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கிழவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். கோகிலா என்னைப் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ தரையைப் பார்த்தபடி கேட்டாய்: "ஒரு நாளாச்சும் குப்புறப் போட்டிருக்கலாமில்ல?"

கண்ணு, நீ கோபத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எங்கேயாவது ஒரு கதவு திறந்து பாப்பா திரும்பி வந்துவிட மாட்டாளா என்று தேடுகிறவன் கேட்பதுபோலத்தான் கேட்டாய். ஆனால் அவள் காதில் அது அப்படி விழவில்லை. மறுநாள் சம்பந்தியம்மா அவளைச் சத்தியமங்கலம் கூட்டிக்கொண்டு போனபோது, கொஞ்ச நாள் அங்கே இருந்து மனசு ஆறட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நீயும் சரி என்றாய். பிறகு புனேக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு நீயும் போய்விட்டாய். இதோ, நாம் மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்கிறோம்.

இந்த வீட்டைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. பால்காரரிடம் பாலைக் குறைக்கச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. எதற்குக் குறைக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். மிஞ்சுகிற பாலை உறை ஊற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். தெருவில் யாராவது நின்று என்னிடம் பேசினால், அவர்கள் பாப்பாவைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதே என்று நினைக்கிறேன். கேட்காமலே போய்விட்டால், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் சத்தியமங்கலம் போகும் சத்தி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்னூர், புளியம்பட்டி தாண்டிப் போகும்வரை அங்கே போய் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் சம்பந்தியம்மா "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோகிலா எழுந்து வந்தாள். பாதியாகிவிட்டாள். என் தோளுக்குப் பின்னால் கேட்டைப் பார்த்தாள். "அவரு வல்லீங்களா மாமா?" என்றாள். இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க மாமா. நான் ஏதாச்சும் தப்பாப் படுக்க வெச்சனுங்களா?"

"இல்ல அம்மணி. ஒரு தப்பும் இல்ல."

"அப்பறம் ஏனுங்க போனா?"

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவும் மனம் வரவில்லை. விதி, கடவுள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் அவளுக்கு நிறையப் பேர் சொல்லிவிட்டிருப்பார்கள். "பாப்பாவுக்கு ஊசி போட்ட டாக்டரம்மாகிட்டப் போய் நேராவே கேப்பமா?" என்றேன். தலையாட்டினாள்.

அடுத்த வாரம் அவளே பஸ் ஏறி வந்தாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வெளியே இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர்களோடு அவர் ஏற்கெனவே பேசியிருந்தார். "மூச்சுக்குழாய்ல பால் இல்லைம்மா. கிருமி இல்லை. அடி இல்லை. இதயத்துலயும் ஒரு கோளாறும் கண்டுபிடிக்க முடியலை. நல்லா இருந்த குழந்தை தூக்கத்துல இறந்து, எல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் கிடைக்கலைன்னா, அதைக் காரணம் தெரியாத திடீர் மரணம்னுதான் சொல்றோம். ஒரு வயசுக்குள்ள, அதுலயும் முதல் சில மாசத்துலதான் இது அதிகமா நடக்குது. உலகம் பூரா நடக்குது."

"வாயோரத்துல பால் இருந்துச்சுங்க" என்றாள் கோகிலா.

"தூக்கறப்பவும் வாயில ஊதறப்பவும் வயித்துல இருக்கற பால் மேல வரும். அதனால குழந்தை சாகலை. மல்லாக்கப் படுத்தா பொரையேறும்னு எல்லாருமே பயப்படறாங்க. உண்மை நேர்மாறு. மல்லாந்திருக்கறப்ப மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கும். கக்கினாலும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள்ள போறது கஷ்டம். குப்புறப் படுத்தாத்தான் ஆபத்து அதிகம். விட்ட மூச்சையே திருப்பி இழுக்கும், உடம்பு சூடாகும், சட்டுனு முழிப்பு வராது."

"அப்ப நான் எல்லாம் சரியாத்தானுங்களே செஞ்சேன்."

"சரியாத்தாம்மா செஞ்சீங்க. சரியாச் செஞ்சா ஆபத்து ரொம்பக் குறையும். முழுசா இல்லாமப் போறதில்ல. ஹெல்மெட் போட்டவங்களும் சில சமயம் விபத்துல இறந்துபோறாங்க. அதுக்காக ஹெல்மெட்டா கொன்னுது? சில குழந்தைகளுக்கு மூச்சு நிக்கறப்ப உடம்பை உலுக்கி எழுப்பற அந்த இடம் மூளைக்குள்ள இன்னும் முதிராம இருக்கலாம்னு நினைக்கறாங்க. வெளியில இருந்து பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடிஞ்சிருக்காது. அதுக்கு முந்தின நாள் நீங்க என்கிட்டக் கொண்டு வந்திருந்தாலும், குழந்தை நல்லா இருக்குன்னுதான் சொல்லி அனுப்பியிருப்பேன்."

கோகிலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப காரணமே தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க தப்பு இல்லைங்கறது மட்டும்தான் தெரியும்." ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு மனது வேண்டும் என்று அன்று பார்த்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெரியாது என்கிற வார்த்தை சுமப்பதற்கு லேசானது இல்லை. தப்பு என்றால் யார்மீதாவது கோபப்படலாம், நம்மீதாவது கோபப்படலாம். இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. அத்தை தன் கடுகுத் தலையணையைப் பிடித்துக்கொண்டதும், நீ உன் கேள்வியைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ யார் மூலமாகவும் கேள்விப்பட்டிருக்க மாட்டாய். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், பேச்சோடு பேச்சாக அத்தை மகள் ரேவதிக்குக் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னேன். பையன். நம் வீட்டில் நடந்ததற்கப்புறம் அத்தை பயந்துபோய் அவனைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைக்கிறாளாம், மல்லாக்கத் திருப்பவே விடுவதில்லையாம். சொல்லி முடிப்பதற்குள் கோகிலா ஆட்டோக்காரரிடம், "ஏனுங்கண்ணா, வண்டியப் போத்தனூருக்கு உடுங்க" என்றாள். "வேண்டாம் அம்மணி, நான் போன்ல சொல்லிக்கறேன்" என்றேன். "நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க மாமா. அன்னிக்கே கேக்கல" என்றாள்.

அத்தை வீட்டில் எங்களைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வருவதை நம் சனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தாள். பையன் சேலைத் தொட்டிலுக்குள் குப்புறக் கிடந்தான், முகம் தலையணையில் அழுந்தியிருந்தது. கோகிலா தொட்டிலைத் தொடவில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எட்டியே நின்றாள். "ரேவதி, பையன எடுத்து மல்லாக்கப் போடு. தொட்டில் வேண்டாம், கெட்டியான மெத்தையில போடு. தலகாணிய எடுத்துரு. முழிச்சிருக்கறப்ப, நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கறப்ப குப்புறப் போடலாம். தூங்கறப்ப வேண்டாம். இப்பத்தான் டாக்டரக் கேட்டுட்டு வாரேன்."

"நீயா அம்மணி இத வந்து சொல்றே?" என்றாள் அத்தை.

"நாந்தானுங்க பெரியம்மா சொல்லோணும்" என்றாள் கோகிலா. "அவளச் சரியாப் படுக்க வெச்சும் போயிட்டாளுங்க. இவன் இப்படிப் படுத்திருக்கறதப் பாத்தா எனக்கு மூச்சே வல்லீங்க."

ரேவதிதான் தொட்டிலை விலக்கிப் பையனைத் தூக்கினாள். கட்டிலில் தலையணையைத் தள்ளிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தாள். அவன் சிணுங்கினான், கையை விரித்தான், மறுபடியும் தூங்கிப்போனான். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தை உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கோகிலாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் டம்ளரிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். கோகிலா அப்போதுதான் அழுதாள். அன்றைக்கு மட்டும் இல்லை, நம் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து அதுதான் முதல் தடவை என்று அப்புறம் சம்பந்தியம்மா சொன்னார்.

இதை எழுதுவது அவளைப் புகழ்வதற்காக இல்லை, கண்ணு. இவ்வளவையும் அவள் தனியாகச் செய்தாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் கூட நின்றேன், அவ்வளவுதான். நான் நின்ற இடம் உன்னுடையது. இனி உங்களுக்கு இன்னொரு குழந்தை பிறந்தாலும், பிறக்காவிட்டாலும் அது உங்கள் விருப்பம், நான் கேட்க மாட்டேன். பிறந்தால் அதையும் மல்லாக்கத்தான் படுக்க வைப்பீர்கள். பயத்தோடு வைப்பீர்கள். அந்தப் பயத்தை அவள் ஒருத்தி தலையில் மட்டும் வைத்துவிடாதே.

சாயந்தரம் காந்திபுரத்தில் சத்தி பஸ்ஸுக்காக நின்றோம். கூட்டம் நெரிசலாக இருந்தது. "அவரு நல்லாச் சாப்புடறாருங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பிறகு, "பாப்பாவ எங்கீங்க மாமா வெச்சிருக்கீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று சுடுகாட்டுக்கு ஆம்பிளைகள் மட்டும்தான் போனோம். அவளை உள் அறையில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பெற்றவளுக்குத் தன் பிள்ளை எந்த மண்ணுக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. "இப்பவே ஆட்டோ புடிச்சுப் போலாம் வா அம்மணி, யார் என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்றேன். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்று திரும்பிச் சொன்னாள்: "நீங்க காட்ட வேண்டாமுங்க மாமா. அவருதானுங்க கையில கொண்டு போனாரு. அவரே கூட்டிட்டுப் போகட்டும்."

அந்த இடத்துக்கு எனக்கு வழி தெரியும். நான் காட்டப்போவதில்லை. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு வா. கோயமுத்தூரில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேராகச் சத்தி பஸ்ஸில் ஏறு. அவளிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கிளம்பு, போகலாம் என்று மட்டும் சொல். பாப்பாவை வைத்த இடத்தில் மாடியும் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு ரோடும் இல்லை. அவளுக்கு முன்னால் நின்றே அழு.

நான் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேரும் எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை.

அப்பா